என் தங்கை புருஷனும் அமுக்கு எந்திரமும்

என் தங்கை தெல்ஃபினாவின் புருஷன் நிக்காந்த்ரோவைப் பற்றி உருவாப்பன் ஊரில், எங்கள் பேட்டையில், யாரைக் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள். அப்புறம்தான் பேசுவார்கள். சிரிக்காமல் பதில் சொல்கிற ஆள் பேட்டைக்குப் புதுசு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆள் வாட்டசாட்டமாக இருப்பான். மீசையை வாரி எண்ணெய் போடுவான். நல்லவன்தான், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அந்த வாய் இருக்கிறதே, அப்பப்பா! திறந்தால் மூடத் தெரியாது. தான் செய்கிற எதையும் உலகத்தில் வேறு எவனும் அப்படிச் செய்ததில்லை என்பான். குழாய்க்கு வாஷர் மாற்றினால்கூட நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டுவான். இப்படிப்பட்டவனுக்குப் பேட்டை வைத்த பெயர் 'பேதி'.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. அவனுக்கு முதல் குழந்தை பிறந்து ஞானஸ்நானம் கொடுத்தபோது விருந்து வைத்தான். குவாக்கமோலே, அதாவது அவகாடோ மசியல், நானே செய்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். முந்தின நாள் மத்தியானமே பெரிய மண் தொட்டி நிறைய மசித்து, கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் போட்டு வைத்துவிட்டான். என் அம்மா எர்மினியா அதில் அவகாடோக் கொட்டைகளைப் பொறுக்கிப் போட்டாள். கொட்டை கிடந்தால் மசியல் கருக்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மே மாத வெயில். தொட்டி சமையலறை மூலையில் ஒரு ராத்திரி முழுக்கக் கிடந்தது.

மறுநாள் திறந்தால் மசியல் பச்சைப்பசேல் என்று இருந்தது. பச்சையாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்றுதான் அர்த்தம், வேறென்ன? நூறு பேர் தின்றார்கள். கையை நக்கிக்கொண்டு பாராட்டினார்கள். அன்று சாயங்காலம் பேட்டையில் கக்கூஸ் இல்லாத வீட்டுக்காரர்கள் கக்கூஸ் இருந்த வீட்டுக்காரர்களோடு சண்டை போட்டார்கள். சோள ரொட்டிக் கடை வைத்திருக்கிற எதுவிஹேஸ் அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றவேண்டி வந்தது. உயிர் போகவில்லை, கடவுள் புண்ணியம். ஆனால் அதற்குப் பிறகு எதுவிஹேஸ் அக்கா நிக்காந்த்ரோவைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவின் அந்தப் பக்கம் போவாள். வேண்டுமென்றே செய்வாள். தெருவே சிரிக்கும்.

அவனை விடுங்கள், அவன் தோல் தடிமன். என் தங்கைக்குத்தான் தாங்கவில்லை. அவள் வீட்டுக்கு வருகிற எவரும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. காப்பி கொடுத்தால், "இப்பதாம்மா சாப்ட்டு வரேன்" என்பார்கள். விடியற்காலை ஆறு மணிக்கு வந்தவரும் அதையேதான் சொல்வார். எங்கள் ஊரில் ஒருத்தி கொடுக்கிற சாப்பாட்டை வேண்டாம் என்பது அவள் முகத்தில் கதவைச் சாத்துவதற்குச் சமம். தெல்ஃபினா ஆறு வருஷம் அந்தச் சாத்தின கதவுகளோடு குடும்பம் நடத்தினாள்.

அந்த விருந்துக்குப் பிறகுதான் நிக்காந்த்ரோ எங்கள் ஆலைக்கு வந்தான். நான் அங்கே குளிர் அறையில் பெட்டி தூக்குகிற வண்டி ஓட்டுகிறேன். அவகாடோவைப் பிளந்து, மசித்து, பையில் அடைத்து, எல்லை தாண்டி வடக்கே அனுப்புகிற ஆலை. அவகாடோ ஒரு வினோதமான பழம், சூடு பட்டால் கசந்துபோகும். பாலைக் காய்ச்சுகிற மாதிரி அதைக் காய்ச்சிக் கிருமியைக் கொல்ல முடியாது. அதற்காக ஒரு எந்திரம் வைத்திருக்கிறார்கள். ஆள் படுத்து உருளலாம், அத்தனை பெரிய இரும்புக் குழாய். மூடி ஒட்டின பைகளைக் கூடையோடு உள்ளே தள்ளி, கதவை இறுக்கி, குளிர்ந்த தண்ணீரை ஏற்றி ஏற்றி அமுக்குவார்கள். கடலின் அடி ஆழத்தில் இருக்கிற அழுத்தத்தைப் போல ஐந்து மடங்கு. சில நிமிஷம் அப்படியே பிடித்து வைத்தால் உள்ளே இருக்கிற கிருமி செத்துப்போகும். பை கிழியாது. மசியல் போட்டபடியே இருக்கும்.

இந்த எந்திரத்தில் வேலை கிடைத்த அன்றைக்கு அவன் நடையே மாறிவிட்டது.

"மச்சான், நெருப்புல போட்டுக் கொல்றதெல்லாம் அந்தக் காலம். நாங்க குளிரக் குளிரக் கொல்றோம்" என்பான்.

"சாவுற கிருமிக்கு அதுல என்ன சௌகரியம் மாப்ள?" என்று கேட்பேன்.

"சிரிங்க. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அமுக்கினா பைக்கு ஒண்ணும் ஆகாது. ஒரு பக்கமா அமுக்கினாத்தான் கிழியும். அதுதான் சூட்சுமம்."

"ஓ, அதான் என் தங்கச்சிகிட்ட நீ இன்னும் கிழியாம இருக்கியா?"

அவனுக்குக் கோபமே வராது. அதுதான் எனக்கு ஆத்திரம். நான் கஷ்டப்பட்டு ஒரு குத்து விட்டால் அவன் அதையும் தன் எந்திரத்துக்குக் கிடைத்த பாராட்டாக வாங்கிக்கொண்டு போய்விடுவான்.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் தொழிலாளிகள் வீட்டுக்கு வேண்டியதை அமுக்கிக்கொள்ளலாம் என்று எங்கள் ஆலையில் ஒரு சலுகை உண்டு. மற்றவர்கள் மசியலும் மாம்பழச் சாறும் கொண்டுவருவார்கள். நிக்காந்த்ரோ வீட்டில் கண்ணில் பட்டதையெல்லாம் கொண்டுவந்தான். ஒருதரம் என் அம்மா செய்த கொருந்தாவைக் கொண்டுவந்தான். கொருந்தா என்றால் மக்காச்சோள மாவை அந்தச் செடியின் இலையில் மூலை மூலையாக மடித்து அவிக்கிற கொழுக்கட்டை. மெத்தென்று இருப்பதுதான் அதன் பெருமை. எந்திரத்துக்குள் போய் வந்ததும் உள்ளே இருந்த காற்றெல்லாம் நசுங்கி, செருப்பு அட்டை கனத்துக்கு வந்துவிட்டது.

அம்மா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னய்யா இது, லாரி ஏறுச்சா?"

"ஒரு கிருமி கிடையாது அத்தை. ஒரு மாசம் வச்சுச் சாப்பிடலாம்."

"ஒரு மாசமா? ஒரு வாய் திங்க முடியுமான்னு பாரு மொதல்ல. கிருமியோட சேத்து ருசியையும் கொன்னுட்டியே!"

இதோடு நிறுத்தியிருந்தால் நானும் இந்தக் கதையை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். எங்கள் பேட்டைக்குக் காவல் புனிதர் சான் மிகேல். அவருடைய திருவிழாப் பொறுப்பு வருஷத்துக்கு ஒரு குடும்பம் என்று மாறிக்கொண்டு வரும். பொறுப்பு எடுக்கிறவர் பேட்டை முழுக்கச் சோறு போட வேண்டும். அந்த வருஷம் எடுக்க வேண்டியவன் வேலை தேடி வடக்கே கிளம்பிப் போய்விட்டான். கோயில் முற்றத்தில் கூட்டம் போட்டு, யார் எடுக்கிறீர்கள் என்று கேட்டார்கள். எல்லோரும் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிக்காந்த்ரோ கையைத் தூக்கினான்.

உடனே எதுவிஹேஸ் அக்கா குரல் வந்தது.

"சோறு நீ போடுறே, சரி. மருந்துக் கடைக்காரரை எந்த வரிசைல உக்கார வைக்கப் போறே?"

ஐயோ, அந்தச் சிரிப்பு! சாமியாரே புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

நிக்காந்த்ரோ அசரவில்லை. "அக்கா, இந்தத் தடவை நான் போடுற மசியல் எந்திரத்துல அமுக்கினது. அந்த அமுக்குல ஒரு கிருமி பொழச்சு வந்துச்சுன்னா, அதுக்கு நானே மாலை போட்டுக் கும்பிடறேன். வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் எந்திரிச்சா, அப்புறம் என் குடும்பம் இந்த முற்றத்துல எதுக்கும் கை தூக்காது."

பேட்டை வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டது. அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் தெல்ஃபினா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். கண் கலங்கியிருந்தது.

"அண்ணே, இந்தத் தடவை தப்பாச்சுன்னா என்னால இந்த ஊர்ல இருக்க முடியாது. புள்ளயக் கூட்டிக்கிட்டு எங்கயாவது போயிடுவேன். நீங்கதான் பக்கத்துல இருந்து பாத்துக்கணும்."

"நான் இருக்கேன்ல, விடு" என்றேன். வேறு என்ன சொல்ல?

விருந்து ஞாயிற்றுக்கிழமை. மரத்தில் தொங்குகிற அவகாடோ எல்லாம் கல்லு. பறித்து வைத்து ஒரு வாரம் காத்திருந்தால்தான் பழுக்கும். நிக்காந்த்ரோ முந்தின ஞாயிறே மூட்டை மூட்டையாக வாங்கி, வைக்கோலில் போட்டு, குழந்தையைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி தினமும் அழுத்திப் பார்த்தான். சனிக்கிழமை காலை அத்தனையும் ஒன்றாகப் பழுத்திருந்தன. அம்மாவும் தெல்ஃபினாவும் பக்கத்து உறவுக்காரப் பெண்கள் மூன்று பேரும் உட்கார்ந்து மசித்தார்கள். ஆலைக்கு அரை நாள் லீவு சொல்லியிருந்த மாப்பிள்ளை தலையில் ஆலைத் தொப்பியை மாட்டிக்கொண்டு அதிகாரம் பண்ணினான்.

"கையக் கழுவுனீங்களா? முழங்கை வரைக்கும் கழுவணும். அத்தை, மோதிரத்தைக் கழட்டுங்க."

"என் புருஷன் செத்தப்பகூட கழட்டல இத."

"மோதிரத்துக்கு அடில கிருமி உக்காந்திருக்கும் அத்தை."

அம்மா கழற்றினாள். அவ்வளவு தூரம் அவள் பொறுத்துக்கொண்டாள். ஆனால் கொட்டைகளை எடுத்துத் தனியாக ஒரு கூடையில் போட்டு, "இதைத் தூக்கிக் குப்பைல போடுங்க" என்று அவன் சொன்னபோது அவள் முகம் சிவந்தது.

"கொட்டை போடலைன்னா கருத்துடும்யா."

"கருக்காது. காத்துப் பட்டாத்தான் கருக்கும். பையில காத்தை உறிஞ்சி ஒட்டிடுவோம். எலுமிச்சை வேற பிழிஞ்சிருக்கு. கொட்டை போடுறது சும்மா கட்டுக்கதை."

"எங்கம்மா போட்டா. அவங்கம்மா போட்டா. அவங்க எல்லாம் மடச்சிங்களா?"

அவன் வண்டியை எடுத்துவரப் போனான். இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்கு மருமகன் மேல் உயிர். திட்டுவாள், கிண்டல் பண்ணுவாள், ஆனால் அவனுக்கு ஒரு அவமானம் என்றால் இவளுக்குத் தூக்கம் போய்விடும். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அவன் எந்திரத்தின் மேல் நம்பிக்கை வரவில்லை, கொட்டையின் மேல் இருந்த நம்பிக்கையும் போகவில்லை. "பாவம், பெருமை பேசித் திரியறவன். கறுத்த மசியலை நாலு பேர் முன்னாடி வச்சுட்டு மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுப்பான்?" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு பையின் நடுவிலும் ஒரு கொட்டையைப் புதைத்தாள். தெல்ஃபினா பார்த்தாள். தடுக்கவில்லை. அம்மாவுக்குக் கை வலித்தபோது மீதிப் பைகளில் அவளே புதைத்தாள்.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. ஆலையில் பைகளின் வாயை ஒட்டும்போது நிக்காந்த்ரோ ஒரு பையைக் கையில் உருட்டி, "என்ன மச்சான், கட்டி தட்டுது?" என்றான்.

"கையால மசிச்சா கட்டி இருக்கத்தான் செய்யும். உன் ஆலை மசியல் மாதிரி கஞ்சியா வருமா?" என்றேன்.

அவனுக்கு அவசரம். மற்ற நாளாக இருந்தால் நூறு பையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருப்பான். அன்றைக்கு ஊருக்கே தெரியப் போகிற தன் வெற்றியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தான். கூடைகளை உள்ளே தள்ளினான். கதவைச் சாத்தினான். பொத்தானை அழுத்தின விரலுக்கு முத்தம் கொடுத்துச் சிலுவை போட்டுக்கொண்டான்.

எந்திரம் உறுமத் தொடங்கியது. அழுத்தம் ஏறுகிறதைக் காட்டுகிற முள் மேலே போனது. நாங்கள் இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்துக்கொண்டு நின்றோம். உச்சியைத் தொட்டுச் சில நொடிதான் இருக்கும், முள் பொசுக்கென்று கீழே விழுந்தது. சிவப்பு விளக்கு சுழன்றது. மணி கத்தியது. எந்திரம் தானாகவே நின்றது. அடிக் குழாயிலிருந்து வந்த தண்ணீர் பச்சையாக வந்தது.

இன்ஜினியரம்மா யாதிரா ஓடிவந்தாள். இளம் பெண், ஆனால் குரலை உயர்த்தாமலே ஆளை நடுங்க வைப்பாள். கதவைத் திறந்தால் உள்ளே ஒரே பச்சைக் களேபரம். பாதிக்குப் பாதி பைகள் வெடித்திருந்தன. வடிகட்டியில் அடைத்துக்கொண்டிருந்த எதையோ அவள் கையை விட்டு எடுத்தாள். இரண்டாகப் பிளந்த கொட்டை. பிளந்த ஓரம் கத்தியாக இருந்தது.

"நிக்காந்த்ரோ, இது என்ன?"

"அவகாடோக் கொட்டை, இன்ஜினியரம்மா."

"அது எனக்கும் தெரியுது. இது எந்திரத்துக்குள்ள என்ன பண்ணுது?"

எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுபோனது.

இன்ஜினியரம்மா இன்னொரு பையைக் கீறிப் பார்த்தாள். அதிலும் கொட்டை. பெருமூச்சு விட்டாள். "எங்கம்மாவும் போடுவாங்க. ஆனா சட்டியில போடுவாங்கய்யா, எந்திரத்துல போட மாட்டாங்க. உள்ள கொட்டை ஒடைஞ்சு பையைக் குத்தியிருக்கு. தண்ணிக் குழாய் பூரா மசியல். நீங்க ரெண்டு பேரும் கழுவி முடிச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போறீங்க. திங்கக்கிழமைலேந்து ஒரு மாசம் நீ தோல் உரிக்கிற வரிசைல நில்லு."

"சரிங்கம்மா" என்றான். அப்புறம் மெதுவாக, "வெடிக்காத பை பாதி இருக்குங்களே. அது?"

"பை நல்லா இருக்கு. உள்ள இருக்கறதப் பத்தி நான் எப்படிச் சொல்றது? அமுக்கு முழுசா நடக்கல. எந்திரத்துக்குப் போகாத மசியல்னுதான் கணக்கு. ஆலைப் பொருளா இருந்தா இப்பவே குப்பைல போட்டிருப்பேன். இது உன் வீட்டுப் பொருள். உன் இஷ்டம்."

எந்திரத்தைக் கழுவி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. வெடிக்காத பைகளைப் பனிக்கட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நல்ல பைகள். ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாகப் பச்சையாக இருந்தன. விருந்துக்குத் தாராளமாகப் போதும்.

நான் அவனிடம் சொன்னேன், "போட்டுடு மாப்ள. காலைல மசிச்சது, பனிக்கட்டில இருக்கு. ஒலகத்துல எல்லாரும் அமுக்காததத்தான் திங்கறாங்க. ஒண்ணும் ஆகாது. யாருக்குத் தெரியப் போவுது?"

இன்றைக்கும் கேட்டால் நான் அதையேதான் சொல்வேன். அதில் என்ன தப்பு என்று எனக்கு முழுசாகப் புரியவில்லை.

அவன் ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "அன்னிக்கும் இப்படித்தான் பச்சையா இருந்துச்சு மச்சான்."

"அன்னிக்கு வெயில்ல கெடந்துச்சு. இது பனில இருக்கு."

"இருக்கட்டும். அமுக்கினதுன்னு அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டேன். அமுக்கினதுன்னு நம்பித்தான் திம்பாங்க. இது அமுக்கினது இல்ல."

"அப்ப நாளைக்கு மசியல்?"

"இல்ல."

"பழம் வேற பழுத்தது கெடைக்காதே!"

"தெரியும்."

என் அம்மாவுக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். எதற்கும் அழாதவள், உதடு துடித்தது. "உனக்கு உதவியா இருக்கும்னு நெனச்சுதான்யா போட்டேன். நானே உன் மானத்த வாங்கிட்டேனே."

அவன் கத்துவான் என்று நான் நினைத்தேன். கத்தியிருந்தால் நியாயம்தான். அவன் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "எனக்காகத்தானே போட்டீங்க அத்தை. விடுங்க." அவ்வளவுதான் சொன்னான். அவனை எனக்கு அதற்கு முன்பும் பிடிக்கும். ஆனால் மரியாதை என்று ஒன்று வந்தது அன்றைக்குத்தான்.

வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டினோம். ஒவ்வொரு பையாகக் கீறிக் கொட்டினான். பன்றிக்காவது போடலாமே என்றேன். "அதுக்கு மட்டும் வயிறு இல்லையா?" என்று கேட்டான். தெல்ஃபினா கதவில் சாய்ந்துகொண்டு ஒவ்வொரு பையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குப் பேட்டை என்ன சொல்லும் என்று அவள் மனசில் ஓடினது எனக்குக் கேட்டது. ஆனால் வேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை. கடைசிப் பையை அவளே எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தாள்.

ஞாயிறு காலை கோயில் முற்றத்தில் அடுப்பு மூட்டி மாட்டுக்கறிச் சிவப்புக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கொருந்தா ஆவி பறந்தது. பூசை முடிந்து ஜனம் வந்து பெஞ்சுகளில் உட்கார்ந்தது. எல்லார் கண்ணும் மேசை நடுவில் பச்சைச் சட்டியைத் தேடியது. நிக்காந்த்ரோ பெஞ்சு மேல் ஏறி நின்றான். மீசைக்கு எண்ணெய்கூடப் போட்டிருக்கவில்லை.

"மசியல் இல்லீங்க" என்றான். "எந்திரம் பாதில நின்னுபோச்சு. என் கவனக்குறைவு. பாதிப் பை நல்லாத்தான் இருந்துச்சு. போட்டிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு என் மச்சான் சொன்னாரு. எனக்குத் தெரியல. தெரியாத ஒண்ண உங்க எலைல வைக்க மனசு வரல. எல்லாத்தையும் பொதச்சுட்டேன். கொழம்பு கொதிக்குது, நீங்களே பாக்கறீங்க. சாப்பிடறவங்க சாப்பிடுங்க. வேணாம்னு போறவங்க மேல எனக்கு வருத்தம் இல்ல."

"கவனக்குறைவு அவனோடது இல்ல!" என்று என் அம்மா கத்தினாள். "கொட்டையப் போட்டது நானு!"

"எதுல?" என்று யாரோ கேட்டார்கள்.

"எந்திரத்துல!"

சிரிப்பு ஒரு மூலையில் கிளம்பிப் பரவியது. ஆனால் யாரும் தட்டை எடுக்கவில்லை. தெல்ஃபினா கரண்டியைக் கையில் பிடித்தபடி பானைக்குப் பக்கத்தில் நின்றாள். அந்த நிற்பை என்னால் பார்க்க முடியவில்லை.

எதுவிஹேஸ் அக்கா எழுந்தாள். "எத்தனை மூட்டைப் பழம்?" என்று நிக்காந்த்ரோவைக் கேட்டாள்.

"எட்டு."

"அத்தனையும் பொதச்சியா?"

"வெடிச்சது போக மிச்சம் எல்லாம்."

"பனில வச்ச நல்ல மசியலை?"

"நல்லதான்னு தெரியலக்கா."

"கிறுக்கன்" என்றாள். சட்டியை எடுத்துக்கொண்டு நேரே தெல்ஃபினாவிடம் போனாள். "ஊத்துடி. கறியும் போடு, சும்மா தண்ணியா ஊத்தாத." ஊற்றினதை அங்கேயே நின்றபடி குடித்தாள். முற்றம் முழுக்க அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு, "உப்பு கம்மி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து கொருந்தாவைப் பிரித்தாள். அதற்குப் பிறகு பெஞ்சு தள்ளுகிற சத்தம்தான் கேட்டது.

அன்று முழுக்க நிக்காந்த்ரோ ஒரு வாய் சாப்பிடவில்லை. யாராவது எழுந்தால் இவனுக்கு முகம் வெளுக்கும். பாட்டுப் பாட எழுந்தவனைப் பிடித்து, "எங்க போறே?" என்று கேட்டான். திங்கட்கிழமை விடிந்ததும் வேலைக்குப் போவதற்கு முன்னால் வீடு வீடாகக் கிளம்பினான். என்னையும் இழுத்துக்கொண்டு போனான்.

"நல்லாத் தூங்குனீங்களா?" என்று கேட்பான். கேட்பதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும்.

"தூங்கினேன். நீதான் வந்து எழுப்பிட்டே" என்றான் ஒருவன்.

"வயிறு?"

"தொந்தி விழுந்திருக்கு. அதுக்கும் நீதான் பொறுப்பா?"

ஒரு வீடு விடாமல் கேட்டாகிவிட்டது. கடைசியில் எதுவிஹேஸ் அக்கா வீடு. கதவு பூட்டியிருந்தது. ரொட்டிக் கடையும் சாத்தியிருந்தது. அந்தக் கடை சாத்திப் பார்த்தது அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த அந்த ஒரு தடவைதான். நிக்காந்த்ரோ என் தோளைப் பிடித்தான். பிடி இறுகியது. பக்கத்து வீட்டுக்காரி, "காலங்காத்தால எங்கயோ போனாங்க, அவசரமா" என்றாள்.

அவன் ஓட ஆரம்பித்தான். நானும் ஓடினேன். தெல்ஃபினாவிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வீட்டுக்குள் நுழைந்தோம்.

எதுவிஹேஸ் அக்கா அடுக்களையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் மேசையில் மூடியோடு ஒரு பெரிய பானை. எங்கள் பக்கத்தில் விருந்து நன்றாக இருந்தால் மறுநாள் மிச்சம் கேட்டு வருவார்கள். பிடித்த வீட்டில்தான் கேட்பார்கள்.

"கொழம்பு மிச்சம் இருக்கா இல்லையா?" என்றாள் தெல்ஃபினாவிடம். "இன்னிக்கு ரொட்டிக்குத் தொட்டுக்க ஒண்ணும் இல்ல. கடையத் தொறக்கணும், சீக்கிரம் ஊத்து. அடிக் கறி வேணும் எனக்கு, மேல் தண்ணி வேணாம்."

நிக்காந்த்ரோ மூச்சு வாங்கிக்கொண்டு வாசற்படியில் நின்றான். மூச்சு திரும்பினதும் வாயும் திரும்பிவிட்டது.

"அக்கா, அதக் கொண்டுபோனதும் குளிர்பெட்டில வைக்கணும். சுட வைக்கறப்ப நல்லாக் கொதிக்கணும், சும்மா வெதுவெதுன்னு…"

"யோவ், போய்த் தோல் உரிக்கிற வேலையப் பாரு. அடியே தெல்ஃபினா, கொஞ்சம் நாளைக்கும் எடுத்து வை. என் தங்கச்சி வருவா, அவளும் பானை எடுத்துக்கிட்டுத்தான் வருவா."

என் தங்கை சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு பானையின் விளிம்பு வரைக்கும் குழம்பை ஊற்றினாள். அழுதாள். நானும் அழுதேன், அதில் எனக்கு என்ன வெட்கம்.